சென்செய்யின் கடிதமும் யோசோவின் குறிப்பேடுகளும்: எதை முதலில் படிக்கலாம்?

ஜப்பானிய இலக்கியத்துக்குள் நுழைய நினைப்பவர்களுக்கு இரண்டு நாவல்களின் பெயர் தவறாமல் காதில் விழும். ஒன்று, நட்சுமே சோசெகி 1914இல் எழுதிய 'கொகோரோ'. மற்றொன்று, ஒசாமு தசாய் 1948இல் எழுதிய 'நிங்கென் ஷிக்காகு'. பின்னதை 'நோ லாங்கர் ஹியூமன்' என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போது இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சோசெகியை மறுவாசிப்பாக, தசாயின் இந்த நாவலை முதல் முறையாக. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் எதை எடுக்கலாம்? கொகோரோவை எடுங்கள் என்பேன். தசாயின் பக்கமும் வலுவான நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். தன்னை மன்னிக்க முடியாத ஒரு மனிதன் தன் வாழ்க்கையை எழுதி வைக்கிறான், வேறொருவர் அதைப் படிக்கிறார். இரண்டிலும் காமகுரா கடல் வருகிறது. கொகோரோவில், கதை சொல்லும் மாணவன் தான் 'சென்செய்' (ஆசான்) என்று மரியாதையோடு அழைக்கப்போகும் மனிதரை முதன்முதலில் பார்ப்பது அந்தக் கடற்கரையில்தான். தசாயின் நாயகன் யோசோ, ஒரு பெண்ணோடு சேர்ந்து உயிரை விட இறங்குவதும் அதே கடலில். அவள் இறந்துபோகிறாள், இவன் பிழைத்துக்கொள்கிறான்.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்றால், யாருக்காக எழுதப்பட்டது என்பதில். சென்செய்யின் கடிதம் ஒரே ஒருவனுக்கு, அந்த மாணவனுக்கு. அவன் சொந்த ஊரில், சாகக் கிடக்கும் அப்பாவின் பக்கத்தில் இருக்கும்போது அது வருகிறது. கனமான கட்டு. புரட்டுகிறான். இது உன் கைக்கு வரும்போது நான் இவ்வுலகில் இருக்க மாட்டேன் என்ற பொருளில் ஒரு வரி கண்ணில் படுகிறது. அப்பாவை அப்படியே விட்டுவிட்டு டோக்கியோ ரயிலில் ஏறி, ஓடும் வண்டியில் அதை முதலிலிருந்து படிக்கத் தொடங்குகிறான். நாவலின் மூன்றாம் பகுதி முழுவதும் அந்தக் கடிதம்தான். அதற்குப் பிறகு மாணவன் திரும்பி வருவதே இல்லை. அப்பா என்ன ஆனார்? சென்செய்யின் மனைவியை அவன் பார்த்தானா? சோசெகி சொல்லவில்லை. கடிதத்தின் கடைசி வரியோடு நாவல் முடிகிறது. முதல் வாசிப்பில் இது எனக்குக் குறையாகத் தோன்றியது. இப்போது, இந்த நாவல் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கடிதத்தை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு அவன் ஒதுங்கிக்கொள்கிறான்.

யோசோவின் மூன்று குறிப்பேடுகளும் யாரையும் விளித்து எழுதப்பட்டவை அல்ல. அவை ஒரு மதுக்கூடத்தை நடத்தியிருந்த பெண்ணுக்குத் தபாலில் வந்து, பல வருடங்கள் கிடந்து, தற்செயலாக ஓர் எழுத்தாளர் கைக்குப் போகின்றன. படிக்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது. யோசோ நம்மிடம் பேசுவதாகத் தோன்றவே இல்லை, ஒட்டுக் கேட்கிறோம் என்ற கூச்சம் கடைசிவரை இருக்கிறது.

தசாயின் பலம் இந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது. சிறுவன் யோசோவின் அப்பா டோக்கியோவுக்குக் கிளம்புகிறார். என்ன வாங்கி வரட்டும் என்று பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். யோசோவுக்கு எதுவும் வேண்டாம். சிங்க நடன முகமூடி வேண்டாமா என்று அப்பாவே எடுத்துக் கொடுத்தும் பையனுக்கு வாய் வரவில்லை. அப்பாவின் முகம் சுருங்குகிறது. அன்று இரவு அவன் பூனைபோல எழுந்து போய், அப்பாவின் குறிப்பேட்டைத் திறந்து, பென்சில் முனையை நாக்கில் நனைத்து, சிங்க முகமூடி என்று எழுதி வைக்கிறான். அவனுக்கு அந்த முகமூடியில் துளி ஆசையும் கிடையாது. அப்பாவைக் குளிரவைக்க வேண்டும், அவ்வளவுதான். பிற்பாடு அப்பா அதை வீட்டில் பெருமையாகச் சொல்லிச் சிரிக்கிறார். பிறருக்குப் பயந்து பிறரை மகிழ்விக்கும் குழந்தையை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் படித்ததில்லை. பள்ளியில், கம்பியில் தொங்கப் போய் வேண்டுமென்றே மணலில் விழுந்து எல்லோரையும் சிரிக்க வைக்கும்போது, யாரும் பொருட்படுத்தாத தகேய்ச்சி என்ற மாணவன் பின்னால் வந்து, வேண்டுமென்றேதானே செய்தாய் என்று மெல்லச் சொல்வானே, அந்த இடத்தில் யோசோவோடு சேர்ந்து எனக்கும் வியர்த்தது.

அப்படியிருந்தும் கொகோரோ ஏன்? சோசெகியிடமிருந்தும் ஒரு காட்சி. சென்செய்யின் மாணவப் பருவம். அவரும், கே என்ற ஒற்றை எழுத்தால் மட்டுமே குறிக்கப்படும் நண்பனும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரப் பெண்மணியின் மகளைக் காதலிப்பதாக கே மனம் திறந்து சொல்கிறான். சென்செய்க்கும் அவள்மேல் காதல். அதை மறைத்துக்கொண்டு, நண்பன் முந்துவதற்குள் தாயிடம் போய்ப் பெண் கேட்டு முடித்துவிடுகிறார். செய்தியைக் கேட்ட கே வாழ்த்துகிறான், பரிசு தர என்னிடம் பணமில்லையே என்கிறான். சில நாட்களில் தன் அறையில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். உடலை முதலில் பார்ப்பவர் சென்செய்தான். பார்த்ததும் அவர் செய்கிற காரியம், மேஜையில் இருக்கும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது. தன் பெயர் கெடும்படி எதாவது இருக்கிறதா என்று தேடுகிறார். ஒரு சொல்கூட இல்லை. தப்பித்தோம் என்று மூச்சு வருகிறது. பிறகு அதை உறையில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி அதே மேஜையில் வைக்கிறார். அதற்கப்புறம்தான் தள்ளுகதவில் தெறித்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கிறார்.

இதை எழுதுவது சென்செய்தான். தன் வாழ்வின் மிகக் கேவலமான அந்தச் சில நிமிடங்களை, ஒரு சாக்கும் சொல்லாமல், செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறார். யோசோ தன்னைத் திட்டிக்கொள்வதில் கைதேர்ந்தவன், ஆனால் அவனுடைய திட்டில் நாம் இரங்க வேண்டும் என்ற வேண்டுதல் கலந்திருக்கிறது. சென்செய் இரக்கம் கேட்பதில்லை, இளைஞன் ஒருவன் இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறார். எதிரில் ஓர் ஆள் இருப்பதால் வரும் ஒழுங்கு அது.

காலத்தைப் பற்றியும் கொஞ்சம். 1912 ஜூலையில் மெய்ஜி பேரரசர் மறைகிறார். செப்டம்பர் 13, இறுதி ஊர்வல நாளில், தளபதி நோகி தன் மனைவியோடு உயிர் துறக்கிறார். 1877 போரில் படைக்கொடியை எதிரியிடம் பறிகொடுத்த அவமானத்தை 35 ஆண்டுகள் சுமந்தவர். அந்த 35 ஆண்டுகள் வேதனையா, கத்தி பாய்ந்த கணம் வேதனையா என்று சென்செய் யோசிக்கும் பக்கத்தில், ஒரு தனிமனிதனின் குற்றவுணர்வும் ஒரு யுகத்தின் முடிவும் ஒன்றாகிவிடுகின்றன. தசாயின் நாவலில் 1930களின் தொடக்கத்து டோக்கியோ இருக்கிறது, ஆனால் அது யோசோவின் தலைக்குள் அடைபட்ட டோக்கியோ. இன்னொரு சிக்கலும் உண்டு. நாவல் இதழில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 1948 ஜூனில், தசாய் தமாகவா கால்வாயில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதனால் பலரும் யோசோவை அப்படியே தசாயாகப் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் நாவலின் கைவேலை கண்ணில் படாமல் போய்விடும். முகமூடிக் காட்சியைக் கட்டிய விதம் புலம்புகிறவனுடைய வேலை அல்ல, தேர்ந்த கலைஞனுடைய வேலை. மனம் ஏற்கெனவே துவண்டிருக்கும் நேரத்தில் இந்த நாவலை எடுக்க வேண்டாம் என்றும் அக்கறையோடு சொல்வேன்.

படிக்கும் வசதியில் தசாய் முந்துகிறார். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கொகோரோ நாளிதழ்த் தொடராக வந்தது. மொத்தம் 110 சிறு அத்தியாயங்கள். முதல் பகுதியில் பெரிதாக ஒன்றும் நடக்காது, சென்செய் மாதந்தோறும் ஒரு கல்லறைக்குப் போவார், காரணம் சொல்ல மாட்டார். பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு மூன்றாம் பகுதி வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறது.

இரண்டின் மீதும் எனக்கு ஒரே மனத்தாங்கல்தான். சென்செய் தன் மனைவி உயிரோடு இருக்கும்வரை எதையும் அவளுக்குச் சொல்லக்கூடாது என்று மாணவனைக் கேட்டுக்கொள்கிறார். அவள் மனதில் கறை படியக்கூடாதாம். அவள் வாழ்க்கையையே திசைதிருப்பிய விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. தசாயின் நாவலில் யோசோவின் மனைவி யோஷிகோவுக்கு நேரும் கொடுமை, யோசோ நம்பிக்கை இழந்த கதையாக மட்டுமே சொல்லப்படுகிறது. அவள் என்ன பட்டாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஆகவே, கொகோரோ முதலில், சில வாரம் கழித்து யோசோ. தசாயைத்தான் முதலில் படிப்பேன் என்பவர், இந்த நாவலுக்கு முந்தைய ஆண்டில் அவர் வெளியிட்ட 'ஷயோ'வில், அதாவது 'த செட்டிங் சன்' நாவலில் தொடங்கலாம். போருக்குப் பின் நொடித்துப்போன பிரபுக் குடும்பத்தின் கதை. அதிலும் சாகத் துணிந்த ஓர் ஆண் எழுதி வைத்த கடைசிக் கடிதம் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகும் கதை நகர்கிறது, அவனுடைய அக்கா கசுகோ தன் குழந்தையைத் தனியாகவே வளர்க்க முடிவெடுத்து, அதைத் தன் குரலிலேயே சொல்கிறாள்.