ஏரிக்கரை மனைக்குச் சாலை முகப்பு இல்லையென்றால்: நியூயார்க் மாநிலத்தில் எந்த வழி?

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியிலும் அடிரான்டாக் மலைப்பகுதியிலும் உள்ள பழைய ஏரிக்கரை மனைகளில் பல, தண்ணீரை நோக்கி வகுக்கப்பட்டவையே தவிர சாலையை நோக்கி வகுக்கப்பட்டவை அல்ல. அந்நாளைய கோடைக்குடில்களுக்குப் படகிலோ, பக்கத்து நிலத்தின் ஓரமாகச் சென்ற மண்பாதையிலோ போய்ச் சேர்ந்துவிட முடிந்தது. அத்தகைய மனையில் இன்று புது வீடு கட்ட விண்ணப்பிக்கும்போதுதான், கரையில் எவ்வளவு நீளமான முகப்பு இருந்தாலும் அது சாலை முகப்பு (மனை சாலையைத் தொடும் நீளம்) ஆகாது என்பது கட்டட அனுமதி மறுப்புக் கடிதத்தின் வடிவில் தெரியவருகிறது.

அந்தக் கடிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனெனில் தடை இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, டவுன் என்னும் உள்ளாட்சி அமைப்புகளுக்கான மாநிலச் சட்டமான டவுன் சட்டத்தின் 280-ஏ பிரிவு. மனை ஒரு முறையான சாலையை நேரடியாகத் தொட வேண்டும் என்றும், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்துபோகும் அளவுக்கு அங்கே முகப்பு இருக்க வேண்டும் என்றும் கூறும் இப்பிரிவு, அதற்கு 15 அடி போதுமானது என்று அனுமானித்துக்கொள்கிறது. மற்றொன்று, அந்தந்த டவுன் தன் மண்டல விதிகளில் (எந்த நிலத்தில் எதை, எப்படிக் கட்டலாம் என்ற உள்ளூர் விதிகளில்) வைத்திருக்கும் முகப்பு அளவு; இது பெரும்பாலும் 15 அடியைவிடப் பல மடங்கு அதிகம். ஒன்றிலிருந்து விலக்குப் பெற்றதால் மற்றொன்று தானாகத் தீர்ந்துவிடாது. விண்ணப்பதாரர்கள் மாதக்கணக்கில் காலத்தை இழப்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் என்பது என் கருத்து.

280-ஏ பிரிவின் கீழான தடைக்கு நேரடியான வழி, இத்தகைய விலக்கு விண்ணப்பங்களை விசாரிக்கும் டவுனின் மண்டல மேல்முறையீட்டு வாரியத்தை அணுகுவது. விதியை அப்படியே நடைமுறைப்படுத்தினால் நடைமுறைச் சிரமமோ தேவையற்ற இடர்ப்பாடோ ஏற்படும் என்று காட்டினால், வாரியம் நியாயமான விலக்களித்து, நிபந்தனைகளோடு அனுமதி வழங்கலாம். இங்கே உண்மையில் விசாரிக்கப்படுவது வீடு அல்ல, பாதை. வாரிய உறுப்பினர்கள் இடத்தைப் பார்வையிட வந்தால் வீட்டு வரைபடத்தைவிட, பாதையின் வாயிலில் கற்சுவருக்கும் மேப்பிள் மரத்துக்கும் இடையே உள்ள அகலத்தையும், மேலே தாழ்ந்து தொங்கும் கிளையையும்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். தீயணைப்பு வண்டிக்கு 13 அடி 6 அங்குல உயரம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு. உள்ளூர்த் தீயணைப்புத் தலைவரிடமிருந்து முன்கூட்டியே வாங்கிய ஒரு கடிதம், வழக்கறிஞரின் பத்துப் பக்க வாதத்தைவிடக் கனமானது.

மண்டல விதியின் முகப்பு அளவுக்கோ, அதே வாரியத்திடம் ‘ஏரியா வேரியன்ஸ்’ என்னும் அளவு விதி விலக்கைக் கேட்க வேண்டும். விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் நன்மையையும் சுற்றுப்புறத்துக்கு நேரக்கூடிய கெடுதியையும் எடைபோட, சட்டம் ஐந்து கேள்விகளை வாரியத்துக்குத் தருகிறது: சுற்றுப்புறத்தின் தன்மை கெடுமா, வேறு வழியில் இந்த நன்மையை அடைய முடியாதா, கேட்கும் விலக்கு அளவில் பெரியதா, இயற்கைச் சூழல் பாதிக்கப்படுமா, சிரமம் விண்ணப்பதாரரே வரவழைத்துக்கொண்டதா. குறை தெரிந்தே மனையை வாங்கியவருக்குக் கடைசிக் கேள்வி பாதகமாக இருக்கும். ஆனால் அதை மட்டுமே காரணமாகக் கொண்டு மறுக்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. சாலை முகப்பு சுழியமாக இருக்கும்போது மூன்றாவது கேள்வியில் தோற்பது ஏறக்குறைய உறுதி. ஆகவே இரண்டாவது கேள்வியில்தான் வலுவாக நிற்க வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்வியே, விலக்குக் கேட்காமல் நிலத்தை வாங்கிவிடும் மாற்று வழிக்கு நம்மை இட்டுச்செல்கிறது. சாலைக்கும் மனைக்கும் இடையே உள்ள பக்கத்து நிலத்தில் 15 அடி அகலத் துண்டு ஒன்றைக் கிரயம் பெற்று மனையோடு இணைத்துவிட்டால், 280-ஏ தடை பெரும்பாலும் விலகிவிடும். மண்டல விதிக்கு வேரியன்ஸ் தேவைப்பட்டாலும் கேட்கும் அளவு குறையும். செலவு அதிகம்தான், விற்பவரின் மனை அதனால் விதி அளவுக்குக் கீழே போய்விட்டால் புதுச் சிக்கலும் வரும். ஆனாலும் நிலம் சொந்தமாகிவிட்டால், வழி யாருடைய தயவிலும் நிற்காது. பக்கத்து நிலக்காரர் விற்க மறுத்தாலும் அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, மறுப்பையும் எழுத்தில் பெறுவது வீணாகாது: வாரியத்தின் முன் “வேறு வழியில்லை” என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கிரயத்துக்குப் பதிலாக வழிப்பாத்தியதை மட்டும் இருந்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். மனை சாலையை ‘நேரடியாகத் தொட வேண்டும்’ என்று 280-ஏ கூறுவதால், அடுத்தவர் நிலத்தின் மேல் செல்லும் உரிமை மட்டும் அந்த நிபந்தனையை நிறைவேற்றாது. இதற்கென்றே சட்டம் ‘திறந்த வளர்ச்சிப் பகுதி’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. டவுனின் ஆட்சிமன்றமான டவுன் வாரியம், திட்டக் குழுவின் ஆலோசனையைப் பெற்று, ஒரு பகுதியை அவ்வாறு தீர்மானத்தின் மூலம் அறிவித்தால், அங்கே பாத்தியதை வழியாகவே கட்டட அனுமதி தரலாம். ஒரே தனியார் பாதையை நம்பி நான்கைந்து மனைகள் இருக்குமிடத்தில் இதுவே சிறந்தது என்பேன். ஒவ்வொருவரும் தனித்தனியே மேல்முறையீடு செய்யத் தேவையில்லை, பாதையைப் பராமரிக்கும் பொறுப்பையும் பொதுவில் எழுதிக்கொள்ளலாம். ஒற்றை மனைக்காரருக்கு இது சுற்றுவழி. தீர்மானம் நிறைவேற்றுவது டவுன் வாரியத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, அவர்களை வற்புறுத்த முடியாது. தனியார் பாதையை டவுனுக்கே ஒப்படைத்துப் பொதுச்சாலையாக்கும் யோசனை ஒன்றும் உண்டு; டவுனின் சாலைத் தரத்துக்கு அதை அமைக்கும் செலவை ஒரு வீட்டுக்காகத் தாங்குவது விவேகமாகாது.

பாத்தியதையை நம்பும் எந்த வழியிலும் பத்திர வாசகத்தை வரிவரியாகப் பார்க்க வேண்டும். ‘நடந்தும் வண்டியிலும் சென்றுவர’ என்று மட்டும் எழுதிய பழைய பத்திரம், அந்தப் பாதையில் மின்கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ கொண்டுசெல்லும் உரிமையைத் தானாகத் தராது. பத்திரமே இல்லாமல், “தாத்தா காலத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறோம்” என்பது அண்டைவீட்டார் அனுமதியளவிலேயே நின்றுவிடக்கூடியது. அதை வைத்து வீட்டுக்கடன் பெறுவதும் கடினம்.

கால அளவில், மேல்முறையீட்டு வாரிய வழிதான் ஓரளவு கணிக்கக்கூடியது: விசாரணை முடிந்த 62 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒற்றைக் குடும்ப வீட்டுக்கான ஏரியா வேரியன்ஸுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் மதிப்பாய்வும் தேவையில்லை. மனை மாநிலச் சாலையிலிருந்தோ கவுன்டி (மாவட்டம் போன்ற அமைப்பு) சாலையிலிருந்தோ 500 அடிக்குள் இருந்தால், விண்ணப்பம் கவுன்டி திட்டக் குழுவுக்கும் போகக்கூடும். அடிரான்டாக் பூங்கா எல்லைக்குள் என்றால் பூங்கா முகமையின் விதிகளும் சேரும். சாதகமான முடிவு கையில் கிடைத்த அன்றே அடித்தளம் தோண்டத் தொடங்குவதும் சரியல்ல: முடிவு டவுன் கிளார்க் அலுவலகத்தில் பதிவான நாளிலிருந்து 30 நாள்களுக்குள், எதிர்ப்புள்ள அண்டைவீட்டார் எவரும் நீதிமன்றத்தை நாடலாம்.