அம்மா கால் நனைத்த கரை

போன மே மாதம் வேறோர் ஏரிக்கரை முகாமில் ஏமாந்தோம். படத்தில் கூடாரத்து வாசலிலேயே தண்ணீர். நேரில் போனால் வெடித்துக் கிடந்த வண்டல்தான். தண்ணீர் அரை கிலோமீட்டர் தள்ளி. மழைக்காலத்தில் எடுத்த படமாம். ஓரம் வரை ஓடிய என் மகன் கணுக்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டான். செருப்பை மீட்கவே கால் மணி நேரம் ஆனது.

அதனால் இந்தத் தை மாதம் கிருஷ்ணகிரி அணையை ஒட்டிய மாந்தோப்பு முகாமுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், தர்மபுரியிலிருந்து பைக்கில் போய்க் கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். தோப்புக்காரரிடம் கேட்டது ஒன்றுதான்: "சித்திரையில தண்ணி எங்கண்ணா நிக்கும்?" அவர் பாறையில் வெளுத்திருந்த கோட்டைக் காட்டினார். அணை முழுசாக 52 அடி நிரம்பினால் அதுவரை வருமாம். பாசனத்துக்குத் திறக்கத் திறக்கக் கீழே இறங்கும். இங்கே பாறை நல்ல சரிவாக உள்ளே போகிறது. மட்டம் குறைந்தாலும் சில எட்டு கூடுதலாக நடந்தால் போதும். தட்டையான வண்டல் கரையென்றால் ஓர் அடி குறைந்தாலே தண்ணீர் எங்கோ போய்விடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருக்காகத்தான் இவ்வளவு பார்த்தேன். மேல்பாறை துவைக்கிற கல் மாதிரி சொரசொரப்பு, வழுக்கவே இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில்தான் பாசி. அதற்காக மாமரத்திலிருந்து தேங்காய் நார்க் கயிறு கட்டிவிட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு போனபோது அம்மா அதைப் பிடித்து மெல்ல இறங்கி உட்கார்ந்து, இருட்டும் வரை காலை எடுக்கவில்லை. சின்னச் சின்ன மீன்கள் விரலைக் கொத்தக் கொத்தச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

குளிக்க மட்டும் நான் யாரையும் விடவில்லை. இந்த அணைக்கு வரும் தென்பெண்ணை, பெங்களூரு பக்கத்துக் கழிவையும் சுமந்துகொண்டு வருகிற ஆறு. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை எத்தனை முறை செய்தியில் பார்த்துவிட்டோம். குடிக்க, சமைக்க கேன் தண்ணீர் கொடுத்தார்கள்.

ராத்திரி கேழ்வரகுக் களியும் ஜிலேபி மீன் குழம்பும். ஆளுக்கு 700 ரூபாய்க்குத் தாராளம். கழிப்பறை ஒன்றுதான், வழியில் விளக்கும் இல்லை. வயதானவர்கள் வரும் இடத்தில் அதை அவசியம் போட வேண்டும், சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சித்திரையில் மறுபடி போகிறோம். கால் நனைக்கத் தோதாக ஒரு பழைய பருத்திச் சேலையை அம்மா இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டார்.