கோடோ எஞ்சினில் மூன்று வருடம்: ஓட்டமும் ஜம்ப்பும்

கோடோ என்பது வீடியோ கேம் செய்யும் மென்பொருள் (கேம் எஞ்சின்). அதன் 4.0 பதிப்பு வந்தது 2023 மார்ச்சில். அந்த மாதமே இறக்கி ஒரு சின்ன 2டி பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை ஓடிக் குதிக்கும் விளையாட்டு) ஆரம்பித்தேன். வேலை முடிந்து ராத்திரியில் மட்டும் உட்காருவதால் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை நாளில் நான் அதிக நேரம் செலவழித்தது எதிரிகளிலோ லெவல்களிலோ இல்லை, ஆள் ஓடுவதிலும் குதிப்பதிலும்தான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேரக்டர்பாடி 2டி என்ற நோடை (கோடோவில் விளையாட்டைக் கட்டும் ஒரு உறுப்பு) போட்டு, கூடவே வரும் டெம்ப்ளேட் ஸ்கிரிப்டை, அதாவது தயாராக எழுதிவைத்த கோடை, சேர்த்தால் சில நிமிடங்களில் ஆள் ஓடுவான், குதிப்பான். ஓட்ட வேகம் விநாடிக்கு 300 பிக்சல், ஜம்ப் வேகம் மைனஸ் 400 (ஒய் அச்சு கீழ்நோக்கிப் போவதால் மேலே போக மைனஸ்), புவியீர்ப்பு 980. தரை, சுவர், சரிவு எல்லாவற்றையும் மூவ் அண்ட் ஸ்லைடு என்ற ஒரே ஃபங்ஷன் பார்த்துக்கொள்கிறது. அதைக் கூப்பிடும் முன் வேகத்தை டெல்டாவால் (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே ஓடும் நேரம்) பெருக்கக் கூடாது, அது உள்ளேயே பெருக்கிக்கொள்ளும். புவியீர்ப்பை வேகத்தோடு சேர்க்கும்போது மட்டும் டெல்டா வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. மற்றபடி மோதல் விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்த எண்களை அப்படியே வைத்து விளையாடினால் ஆள் மிதக்கிறான். ஏறத்தாழ 82 பிக்சல் ஏறி இறங்க 0.8 விநாடி எடுக்கிறது. இரண்டு மாதம் எண்களைக் குத்துமதிப்பாக மாற்றிப் பார்த்தேன், ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. அப்புறம்தான் கேம் புரோகிராமர் கைல் பிட்மேன் 2016 ஜிடிசியில் (கேம் செய்கிறவர்களின் மாநாடு) ஜம்ப் பற்றிப் பேசிய உரையைப் பார்த்தேன். எவ்வளவு உயரம், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும், மற்றதைப் பள்ளிக்கூடத்து இயற்பியலே கொடுத்துவிடும். உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தால் ஜம்ப் வேகம், இன்னொரு தடவை நேரத்தால் வகுத்தால் புவியீர்ப்பு. 80 பிக்சல், 0.4 விநாடி என்றால் 400, 1000. இறங்கும்போது மட்டும் 0.3 விநாடி என்று வைத்தேன், அதற்குப் புவியீர்ப்பு 1780 அளவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் ஆளுக்கு எடை வந்தது. (கணக்கில் 80 வந்தாலும் திரையில் 83 வரை ஏறும், ஏனென்றால் குதித்த முதல் டிக்கில், அதாவது எஞ்சின் போடும் இயற்பியல் கணக்கின் முதல் படியில், புவியீர்ப்பு குறுக்கே வராமல் முழு வேகத்தில் நகர்கிறான். மேடை உயரங்களை இதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.) பட்டனைச் சீக்கிரம் விட்டால் மேல்நோக்கிய வேகத்தைப் பாதியாக வெட்டுகிறேன், சின்ன ஜம்ப் கிடைத்துவிடுகிறது.

ஓட்டத்துக்கு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இலக்கை நோக்கிக் கொண்டுபோகும் மூவ் டுவர்ட் ஃபங்ஷன் போதும், முழு வேகம் பிடிக்க 0.1 விநாடி, நிற்க அதைவிடக் குறைவு.

இவ்வளவும் செய்து அக்கா மகனிடம் கொடுத்தேன். மேடை விளிம்பில் திரும்பத் திரும்ப விழுந்தான். "மாமா, நான் அமுக்கினேன், அது குதிக்கல" என்றான். அமுக்கிய நேரத்தைப் பதிவுசெய்து பார்த்தால், கால் தரையை விட்டு இரண்டு முதல் ஐந்து டிக் கழித்து அமுக்கியிருக்கிறான். விநாடிக்கு 60 டிக், அதில் ஐந்து என்பது 0.1 விநாடிக்கும் குறைவான தாமதம். அவன் மேல் தவறே இல்லை. இதற்கு வைத்தியம்தான் கயோட்டி டைம்: விளிம்பைத் தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் குதிக்க விடுவது. 2018-இல் வந்த செலஸ்ட் என்ற பிளாட்ஃபார்மரில் ஆளை இயக்கும் கோடைப் பொதுவில் போட்டிருக்கிறார்கள், அதில் 0.1 விநாடி. நானும் ஆறு டிக் வைத்தேன். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அமுக்கினால் அதை நினைவில் வைத்திருந்து தொட்டதும் குதிக்க வைக்கும் பஃபரையும் சேர்த்தேன். குதித்தவுடன் இரண்டு டைமரையும் பூஜ்யமாக்க மறந்தால் காற்றிலேயே இரண்டாவது ஜம்ப் கிடைத்துவிடும், ஒரு சனிக்கிழமை முழுக்க அதைத் தேடினேன்.

கடைசியாகத் தீர்ந்தது திரை நடுக்கம். 60 டிக் இயற்பியலை 144 ஹெர்ட்ஸ் திரையில் (விநாடிக்கு 144 ஃபிரேம், அதாவது படம், காட்டுவது) காட்டினால் ஒரு நிலை இரண்டு ஃபிரேம் நிற்கும், அடுத்தது மூன்று ஃபிரேம் நிற்கும், ஓட்டம் அதிர்கிற மாதிரி தெரியும். 2024 ஆகஸ்டில் வந்த 4.3-இல் 2டிக்கு பிசிக்ஸ் இன்டர்போலேஷன் கொடுத்தார்கள், இரண்டு டிக்குகளுக்கு நடுவே உள்ள நிலையைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி. புராஜெக்ட் செட்டிங்கில் அதை ஆன் செய்தேன், துணியை இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆளைச் செக்பாயின்ட்டுக்கு (செத்தால் மறுபடி தொடங்கும் இடம்) தூக்கிப் போடும்போது மட்டும் இன்டர்போலேஷனை ரீசெட் செய்ய வேண்டும், இல்லையென்றால் திரையைக் குறுக்கே கடந்து பறப்பான்.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் நான் இதையேதான் சொல்வேன், டெம்ப்ளேட் ஜம்ப்போடு நின்றுவிடாதவராக இருந்தால். எனக்கு இன்னும் மீதி இருப்பது தலை இடிக்கும் விஷயம்: குதிக்கும்போது கூரையின் ஓரத்தில் இரண்டு மூன்று பிக்சல் பட்டால் ஆளைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட வேண்டும். செலஸ்ட்டில் 4 பிக்சல் வரை ஒதுக்குகிறார்கள். இந்த வாரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.