பி-4 ஷ்ரெடர்: ரகசியக் காகிதங்களுக்கு இது போதுமா?

தரவுக் கசிவு என்றாலே பேச்சு கடவுச்சொல், வைரஸ், ஹேக்கர் என்று போய்விடுகிறது. பல நிறுவனங்களின் சம்பளக் கணக்கையும் வரிக் கணக்கையும் பார்த்துக்கொடுக்கும் ஒரு தணிக்கை அலுவலகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவன் நான். எங்களை நம்பி ஒப்படைக்கப்படும் ரகசியங்களில் பெரும்பகுதி எப்படியும் ஒருமுறை காகிதத்தில் அச்சாகிவிடுகிறது. ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்கள், சம்பள உயர்வு பற்றிய குறிப்புகள், வேலையை விட்டு நீக்கப்படப் போகிறவர்களின் பட்டியல், ஏலத்துக்கு முன் தயாரான விலைப்புள்ளி என எல்லாமே அச்சாகின்றன. சரிபார்த்து முடிந்ததும் அந்தத் தாள் எங்கே போகிறது என்று கேட்டால் பல அலுவலகங்களில் பதில் கிடைக்காது. குப்பைக் கூடைக்குப் போகிறது, அல்லது பின்பக்கம் எழுதுவதற்காக யாரோ ஒருவர் மேசையில் அடுக்கப்படுகிறது.

அதற்காகத்தான் எங்கள் அலுவலகத்தில் பி-4 தரத்தில் ஒரு ஷ்ரெடர், அதாவது தாளைத் துண்டு துண்டாக வெட்டும் இயந்திரம், வாங்கினோம். அன்றாடம் பயன்படுத்திப் பார்த்ததில் என் தீர்ப்பு இது: சிறிய, நடுத்தர அலுவலகங்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் தாளை எந்த வாக்கில் உள்ளே விடுகிறோம், இயந்திரத்தை எங்கே வைக்கிறோம் என்ற இரண்டையும் கவனிக்காவிட்டால் வாங்கியதன் பலன் பாதிதான். எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்று நான் எழுதப்போவதில்லை. பெட்டியின் மேல் இருக்கும் நிறுவனப் பெயரைவிட, அதன் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் 'பி' எண்தான் வாங்குபவருக்கு முக்கியம்.

அந்த எண் ஜெர்மனியின் டிஐஎன் 66399 தரநிலையிலிருந்து வருகிறது. 2012இல் வெளியான அந்தத் தரநிலை 2018இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 21964 என்ற பெயரில் சர்வதேசத் தரநிலையாகவும் ஆனது. காகிதத்துக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு நிலைகள் உண்டு. பி-2 என்றால் 6 மில்லிமீட்டர் அகலம் வரையிலான நீள நாடாக்கள். பி-4 என்றால் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பி-5இல் அந்த வரம்பு 30, பி-7இல் வெறும் 5. ஒரு ஏ4 தாளின் பரப்பு 62,370 சதுர மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் நாடாவாக வெட்டும் இயந்திரம் ஒரு தாளை 35 துண்டுகளாக்குகிறது. பி-4 ஏறக்குறைய 390 துண்டுகளாக்குகிறது. பி-5இல் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது.

நாடாவாக மட்டும் வெட்டும் இயந்திரத்தை அலுவலகத்துக்கு வாங்காதீர்கள். 1979இல் ஈரானின் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியவர்கள், அங்கே நாடா நாடாவாக வெட்டிப் போட்டிருந்த ஆவணங்களைக் கம்பளம் நெய்பவர்களைக் கொண்டு ஒட்டவைத்து, புத்தகத் தொகுதிகளாகவே வெளியிட்டார்கள். கணினி இல்லை, ஸ்கேனர் இல்லை, கையும் கண்ணும் பொறுமையும்தான். பிறகு 2011இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா ஒரு போட்டியே நடத்தியது. ஐந்து புதிர்களுக்கான ஆவணங்களைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கிக் கொடுத்து, அவற்றைப் படித்துக்காட்டச் சொன்னார்கள். மென்பொருளையும் மனிதக் கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்திய ஒரு சிறு குழு 33 நாட்களில் முடித்து 50,000 டாலர் பரிசை வாங்கிச் சென்றது. எங்கள் குப்பையை அவ்வளவு மெனக்கெட்டு ஒட்டவைக்க யாரும் வரப்போவதில்லை என்று நினைப்பது நியாயம்தான். எல்லாத் தாள்களின் துண்டுகளும் ஒரே கூடையில் கலந்து கிடக்கும்போது பி-4 அந்த வேலையை யாருக்கும் கட்டுப்படியாகாத அளவுக்குக் கடினமாக்கிவிடுகிறது. வழக்கமான வணிக ரகசியத்துக்கு அது போதும். மருத்துவப் பதிவுகள், காப்புரிமைக்கு முந்தைய வரைபடங்கள் போன்றவற்றைக் கையாளுகிறவர்கள் பி-5க்குப் போவது நல்லது.

இனி, எந்த விளம்பரத்திலும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இயந்திரம் வெட்டும் துண்டின் அளவு 4 மில்லிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர். கூடையில் கைவிட்டு ஒரு பிடி துண்டுகளை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் இரண்டு எழுத்து, ஒரு கொம்பு, பாதி எண் என்று ஒன்றுக்கும் உதவாதவைதான் இருந்தன. ஆனால் சில துண்டுகளில் ஒரு முழுப் பெயர் இருந்தது. ஒரு துண்டில் வங்கிக் கணக்கு எண் முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம் வரை அப்படியே இருந்தது.

காரணம் எளிது. இயந்திரத்தின் வாய் ஏ4 தாளின் குறுகிய பக்கத்துக்குத்தான் அளவெடுத்திருக்கிறார்கள். நெடுக்குவாட்டில் அச்சான கடிதத்தை உள்ளே விட்டால் வரிகள் கத்திக்குக் குறுக்காகப் போகின்றன. ஒவ்வொரு வரியும் 4 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு வாங்குகிறது. சம்பளப் பட்டியல் அப்படி அச்சாவதில்லை. நெடுவரிசைகள் அதிகம் என்பதால் தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, எழுத்தையும் சுருக்கித்தான் அச்சிடுவோம். அந்தத் தாளையும் குறுகிய பக்கமாகவே உள்ளே விட வேண்டியிருப்பதால் வரிகள் கத்தியோடு சேர்ந்தே ஓடுகின்றன. சிறிய எழுத்தில் ஒரு வரி 4 மில்லிமீட்டர் அகலத்துக்குள் தாராளமாக அடங்கிவிடும். 40 மில்லிமீட்டர் நீளத்தில் இருபது இலக்கங்களுக்கு மேல் பிடிக்கும். ஆக, அலுவலகத்திலேயே அதிக ரகசியமான தாள்தான் மிக மோசமாக வெட்டுப்படுகிறது.

இதற்குத் தீர்வு கையிலேயே இருக்கிறது. படுக்கைவாட்டில் அச்சான தாளைப் புத்தகம் மூடுவதுபோல நடுவில் மடியுங்கள். இப்போது அதன் அகலம் பாதியாகிவிடும். வரிகள் இயந்திரத்தின் வாய்க்கு இணையாக இருக்கும்படி உள்ளே விடுங்கள். கத்தி வரிகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். மடித்த தாள் இரண்டு தாளுக்குச் சமம் என்பதால் ஒரு நேரத்தில் பாதி எண்ணிக்கைதான் விட முடியும். அந்தத் தாமதத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். மடித்து விட்ட பிறகு அதேபோல ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன், முழுப் பெயரோ முழு எண்ணோ ஒன்றுகூடச் சிக்கவில்லை.

இயந்திரத்தின் வேலைத்திறன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் பதினைந்து தாள் என்று பெட்டியில் போட்டிருந்தது. அது மெல்லிய தாளுக்கான கணக்கு. நாங்கள் பயன்படுத்தும் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளில் பத்தைத் தாண்டினால் முக்குகிறது. சிக்கிக்கொண்டால் தானாகவே தாளைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது நல்ல வசதி. ஸ்டேப்லர் பின்னைச் சமாளிக்கிறது. பெரிய கிளிப்பையும் பசையுள்ள ஸ்டிக்கரையும் உள்ளே விடக் கூடாது, பசை கத்தியில் ஒட்டிக்கொண்டு தூசியைச் சேர்த்துவிடும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடுகிறது, ஆறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆண்டுக் கணக்கு முடித்த பிறகு மூட்டை மூட்டையாகக் கழிக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. கத்திக்கு எண்ணெய் விடுவதை மறக்காதீர்கள். அதற்கென்று விற்கும் எண்ணெயை ஒரு தாளில் கோடுகோடாக விட்டு, அந்தத் தாளை வெட்டவிட்டால் போதும். சத்தம், பக்கத்து மேசையில் தொலைபேசியில் பேசுகிறவர் குரலை உயர்த்தும் அளவுக்கு இருக்கிறது.

அந்தச் சத்தத்தைக் காரணம் காட்டித்தான் பல அலுவலகங்கள் ஷ்ரெடரைக் கிடங்கு அறைக்கு அனுப்பிவிடுகின்றன. அங்கே போனதும் அது பொருட்காட்சிப் பொருளாகிவிடும். எழுந்து போய் வெட்டச் சோம்பல்பட்டு, "பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்று ஒவ்வொருவர் மேசையடியிலும் ஓர் அட்டைப் பெட்டி முளைக்கும். அந்தப் பெட்டியைப் போல ஆபத்தான பொருள் ஓர் அலுவலகத்தில் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. சாதாரணக் குப்பையில் ரகசியத் தாளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெட்டியிலோ ரகசியத் தாள்களை மட்டும் நாமே பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறோம். துப்புரவுப் பணியாளர், விருந்தினர், பக்கத்துத் துறைக்காரர் என யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டலாம். நாங்கள் ஷ்ரெடரைப் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே வைத்தோம். பிழையாக அச்சான தாள், யாரும் எடுக்காமல் பிரிண்டர் தட்டில் கிடக்கும் தாள் எல்லாம் இரண்டடி தூரத்தில் இயந்திரத்துக்குள் போய்விடுகின்றன. உடனே வெட்ட முடியாதவற்றுக்குப் பூட்டுள்ள ஒரு பெட்டி இருக்கிறது. தாளைப் போடத்தான் துளை உண்டு, கைவிட்டு எடுக்க முடியாது.

தணிக்கைத் துறையில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எதை வெட்டக் கூடாது என்ற பட்டியலை முதலில் போடுங்கள். சட்டப்படி இத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய பதிவுகள், வழக்கோ விசாரணையோ நடக்கும் விவகாரத்தின் காகிதங்கள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் மோசடி விவகாரத்தில் ஆவணங்களை அழித்ததற்காக, அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2002இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது, காப்பாற்றுவதற்கு நிறுவனமே மிச்சமில்லை. எங்கள் அலுவலகத்தில் பூட்டுப் பெட்டியின் சாவி ஒருவரிடம், வெட்டுவதற்கான ஒப்புதல் இன்னொருவரிடம்.

மொத்தமாகக் கழிக்க வேண்டிய பழைய கோப்புகளுக்கு, வண்டியில் இயந்திரத்தோடு வந்து நம் கண்ணெதிரே வெட்டித்தரும் சேவையை அழைப்பதுதான் சரி. மூட்டையாகக் கட்டி எடுத்துச் சென்று தங்கள் இடத்தில் அழிப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. வாசலைத் தாண்டிய பிறகு அந்த மூட்டை யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. எனவே அழிப்புச் சான்றிதழ், வண்டி எண், எடைக் குறிப்பு மூன்றும் இல்லாமல் ஒப்படைக்காதீர்கள்.

இந்த இயந்திரம் செய்ய முடியாதவற்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஒரு தாளை 390 துண்டாக்கும் அதே நேரத்தில், அதன் முழு நகல் பக்கத்தில் இருக்கும் நகல் இயந்திரத்தின் வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) உட்கார்ந்திருக்கலாம். வன்தட்டு உள்ள அலுவலக நகல் இயந்திரங்கள் தாங்கள் கையாண்ட பக்கங்களின் படத்தை அதில் சேமித்து வைக்கக்கூடும். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களை வன்தட்டை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. 3,44,579 பேர் வரையிலானவர்களின் மருத்துவத் தகவல் அதனால் வெளிப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டு, 2013இல் 12 லட்சம் டாலருக்கும் மேல் கட்டி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் கதை இன்னும் பெரியது. பழைய வன்தட்டுகளையும் சர்வர்களையும் கழிக்கும் பொறுப்பை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சரக்குப் பெயர்ச்சி நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்துக்கே போய்ச் சேர்ந்தன. 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம்.

எனவே நகல் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர்கள், திருப்பித் தரும்போது வன்தட்டு அழிக்கப்படும் அல்லது நம்மிடமே கழற்றித் தரப்படும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினி வன்தட்டைக் காகித ஷ்ரெடர் தொடக்கூட முடியாது. அதே தரநிலையில் வன்தட்டுகளுக்கு 'எச்', பென் டிரைவ் போன்றவற்றுக்கு 'இ', குறுந்தகடுகளுக்கு 'ஓ' என்று தனி வரிசைகள் இருக்கின்றன. எங்கள் இயந்திரத்தில் குறுந்தகட்டுக்கென்று ஒரு தனித் துளை உண்டு. அது தகட்டை நான்கைந்து பெரிய துண்டுகளாக மட்டும் உடைக்கிறது, அதை அழிப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. விரலை உள்ளே விடாதே, டையைத் தொங்கவிடாதே, குழந்தையைப் பக்கத்தில் விடாதே என்று மூடியின் மேல் வரிசையாகப் படம் போடுகிறீர்கள், அவையெல்லாம் தேவைதான். அவற்றோடு, வரிகள் வாய்க்கு இணையாக இருக்கும்படி தாளை விடச் சொல்லும் ஒரு படத்தையும் போடுங்கள். நாங்கள் அதை ஒரு சீட்டில் வரைந்து மூடியில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டிய பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட யாரையும் கேட்காமல் பட்டியலை மடித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.