செட்டிநாட்டுச் சாலைக்கு எந்த கேசட்: 11-32ஆ, 12-25ஆ?

என் ரோடு பைக் 11 ஸ்பீடு, அதாவது பின்சக்கரத்தில் 11 பற்சக்கரங்கள். அந்த அடுக்குக்குத்தான் கேசட் என்று பெயர். வாங்கும்போதே முன்னால் 50/34 செயின்வீல் (50 பல் ஒன்று, 34 பல் ஒன்று), பின்னால் 11-32 கேசட் (சிறியதில் 11 பல், பெரியதில் 32). முன்னால் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் மட்டும் 12-25க்கு மாறிவிட்டேன். காரைக்குடியைச் சுற்றி ஓட்டுகிறவருக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

32 பல் ஏற்றத்துக்கு, 25 பல் சமதரைக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று போனாலும் தேவகோட்டைப் பக்கம் திரும்பினாலும், ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள கண்மாய்க் கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். குன்றக்குடியில் மலை இருக்கிறது, ஆனால் அதற்குப் படிக்கட்டு. பழைய கேசட்டைக் கழற்றியபோது 16, 18, 20 பல் சக்கரங்கள் கறுத்துத் தேய்ந்திருந்தன. 28, 32 இரண்டும் கடையில் பார்த்த பளபளப்போடு அப்படியே இருந்தன.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் அந்தப் பெரிய பற்கள் சும்மா கிடந்தது அல்ல. பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. 11-32ல் வரிசை இப்படி: 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32. 12-25ல்: 12, 13, 14, 15, 16, 17, 18, 19, 21, 23, 25. அதாவது 19 வரை ஒவ்வொரு பல்லாக ஏறுகிறது.

நிமிடத்துக்கு 85 சுற்று மிதிக்கிறவர் 50 பல் செயின்வீலில், பின்னால் 18ல் போனால் வேகம் ஏறக்குறைய 30 கி.மீ. அடுத்து 20ல் போட்டால் 27. நடுவே ஒன்றும் கிடையாது. நான் தனியாகப் போகும்போது பெரும்பாலும் 28 கி.மீ. வேகத்திலேயே நிற்கிறேன். 18ல் கால் கனக்கும், 20ல் கால் வெறுமனே சுற்றும். இரண்டுக்கும் மாறி மாறித் தட்டிக்கொண்டே போக வேண்டும். 12-25ல் 19 இருக்கிறது, போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

இது ஆடியில் இன்னும் நன்றாகத் தெரியும். அம்மியே பறக்கிற காற்றில் சைக்கிள் எம்மாத்திரம்? குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று மேற்கே போனால் எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும், வேகம் 23, 24க்கு இறங்கிவிடும். அப்போது முன்னால் 34க்கு வந்துவிடுவேன். பழைய கேசட்டில் 14 போட்டால் 26 கி.மீ., 16 போட்டால் 23. காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. புளியமரங்கள் மறைக்கிற இடத்தில் தணியும், வெட்டவெளி வந்ததும் மறுபடி தள்ளும். இப்போது 14, 15, 16, 17 நான்கும் இருப்பதால் மூச்சு வாங்கும் அளவு மாறாமல் ஒவ்வொரு பல்லாக மாற்றிக்கொண்டு போக முடிகிறது.

52/36 செயின்வீல் போடலாமா என்றும் கேட்கிறார்கள். 50ம் 12ம் சேர்ந்தாலே 90 சுற்றில் 47 கி.மீ. வருகிறது. அதற்கு மேல் மிதிக்க இங்கே இறக்கம் எங்கே? பந்தயம் ஓட்டுகிறவர்கள் கணக்கு வேறு.

சரி, 11-32 யாருக்கு? முட்டி வலி உள்ளவர்களுக்கு, பை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு, மலைச்சாலை ஆசை உள்ளவர்களுக்கு. எனக்கு மலையில் பழக்கம் குறைவு, அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன். 34க்கு 25 போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால்கூட 10 கி.மீ. வேகம் வேண்டும், 32 இருந்தால் 8 போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் அந்த 2 கி.மீ. பெரிய விஷயம். அதனால்தான் பழைய கேசட்டைத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

மாற்ற நினைப்பவர்கள் முதலில் பின் டீரெய்லரைப் (செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) பாருங்கள். 11 ஸ்பீடு ஷிமானோ 105 ஆர்7000ல், செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டை என்றால் கேசட்டின் பெரிய பல் 25 முதல் 30 வரை, நீளக் கூண்டு என்றால் 28 முதல் 34 வரை இருக்கலாம் என்பது கம்பெனி கணக்கு. என்னுடையது நீளக் கூண்டு. 25ஓடு ஓடுகிறது, ஆனால் கியர் விழுவது ஒரு நொடி மந்தம். புது 12 ஸ்பீடு 105 வாங்குகிறவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை, அதில் 11-34, 11-36தான். அப்புறம் செயின்: 32க்கு அளந்த செயின் 25க்கும் ஓடும், வெட்ட வேண்டாம். 25க்கு அளந்து வெட்டிவிட்டு, பிறகு 32 போட்டு முன்னால் பெரிய செயின்வீலோடு பின்னால் பெரிய பல்லைச் சேர்த்தால் டீரெய்லர் பிய்ந்து கையில் வரும்.