கார் டீலர்ஷிப் ரிவ்யூ: வண்டி ஓகே, பில்லு தான் பிரச்சன

வண்டிய பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல, டீலர்ஷிப்புக்கு மட்டும் அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் தான். விளம்பரத்துல ஒரு விலை, கொட்டேஷன்ல வேற விலை, நடுவுல ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரீஸ் பேக், பெயிண்ட் கோட்டிங்னு நாம கேக்காததெல்லாம் வரிசையா ஏறி நிக்குது. ஹேண்ட்லிங் சார்ஜ் எதுக்குன்னு எழுதி குடுங்கனு கேட்டதும் அந்த லைன பேனாவால அடிச்சிட்டாங்க, அப்போ மொதல்ல எதுக்குங்க போட்டீங்க?

லோனும் இன்சூரன்ஸும் அவங்ககிட்டயே எடுக்க சொல்லி விடாம பேசுவாங்க, ஏன்னா அதுல கமிஷன் இருக்கு. மாசம் எவ்ளோ கட்ட முடியும்னு தான் மொதல்ல கேப்பாங்க, பதில் சொல்லிடாதீங்க, 60 மாசத்த 84 ஆக்கி தவணைய கொறச்சு காட்டுவாங்க, மொத்த வட்டி எகிறிடும். கைய விட்டு மொத்தமா எவ்ளோ போகுதுனு மட்டும் பேசுங்க.

அப்புறம் டயர் பக்கவாட்டுல கடைசி 4 நம்பர பாருங்க, 2324னா 2024ல 23வது வாரம் செஞ்ச டயர், வண்டி ரொம்ப நாளா யார்டுல நின்னுச்சானு அத வெச்சு ஓரளவு கணிக்கலாம். பழைய ஸ்டாக்னா தள்ளுபடி கேக்க தயங்கவே தயங்காதீங்க. சேல்ஸ்மேன் தம்பி மரியாதையா தான் பேசினாரு, அந்த ரெண்டு ஸ்டாரும் அவருக்குத்தான்.