கருவுக்கும் தாய்க்கும் சம உரிமையா? அயர்லாந்தும் சிங்கப்பூரும்

வளைகாப்பில் வயிற்றுப் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்கும் என்று நம்புகிறவர்கள் நாம். அந்தப் பிள்ளைக்குச் சட்டத்தில் என்ன இடம்?

அயர்லாந்து 1983இல் கருவின் உயிருரிமையைத் தாயின் உயிருரிமைக்குச் சமம் என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012இல் கால்வேயில், 17 வாரக் கர்ப்பம் கலைவது உறுதியான பிறகும், சிசுவின் இதயம் துடிக்கிறது என்பதால் சவிதா ஹலப்பனவாருக்குக் கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. கிருமித்தொற்றில் அவர் இறந்தார். 2018 பொதுவாக்கெடுப்பில் மக்கள் அந்தப் பிரிவை நீக்கினார்கள்.

சிங்கப்பூரில் 24 வாரம் வரை முடிவு பெண்ணுடையது. கணவரின் சம்மதம் தேவையில்லை. அதற்கு அப்புறம், தாயின் உயிரைக் காக்க அல்லது உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்க மட்டுமே. தண்டனைச் சட்டப்படி, வயிற்றில் இருக்கும் சிசுவின் மரணம் கொலையாகாது. உடலின் ஒரு பகுதியாவது வெளியே வந்திருந்தால் ஆகலாம். அதற்காகக் கரு அநாதையாகிவிடவில்லை. சட்டத்தை மீறிக் கருவைக் கலைப்பது இங்கே தனிக் குற்றம்.

என் சார்பு சிங்கப்பூர் வழிக்குத்தான். கருவைக் காக்க அதைச் சட்டப்படி தனி நபராக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஆலோசனைக்குப் பின் கட்டாயமாக 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது மட்டும், ஏற்கெனவே யோசித்து முடிவெடுத்த பெண்ணுக்குத் தேவையற்ற சுமை.